வயரில் வந்தது, புரோகிராமுக்குப் போகவில்லை: லினக்ஸ் கெர்னலில் டிராப்பான பாக்கெட்டைத் தேடுவது

வயரில் வருவதை ஒட்டுக்கேட்டுக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியை ஓட்டிப் பார்த்தால் பாக்கெட் வந்திருப்பது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அதே போர்ட்டில் காத்துக்கொண்டிருக்கும் புரோகிராம், எனக்கு ஒன்றுமே வரவில்லை என்கிறது. நெட்வொர்க் ஆட்களைக் கேட்டால் நாங்கள் அனுப்பியாயிற்று என்பார்கள், டெவலப்பரைக் கேட்டால் என் கோடு வரைக்கும் வந்தால்தானே லாக் எழுதும் என்பார், இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், நடுவில் நிற்பவருக்குத்தான் தலைவலி. வயருக்கும் புரோகிராமுக்கும் இடையில் கெர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, இருக்கிறது. அதற்குள் ஒரு பாக்கெட் காணாமல் போக ஏகப்பட்ட வழிகள் உண்டு. எந்த வழியில் போனது என்று கெர்னலிடமே கேட்டு வாங்குவது எப்படி, அது சொல்லும் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். எல்லாமே லினக்ஸை வைத்துத்தான். ஐபி, போர்ட், சாக்கெட் என்றால் என்னவென்று மேலோட்டமாகத் தெரிந்தால் போதும்.

முதலில் பாக்கெட் போகும் பாதை. நெட்வொர்க் கார்டு பாக்கெட்டை வாங்கி, டிரைவர் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கும் மெமரி இடங்களில் நேராகக் கொண்டுபோய்ப் போடும். அந்த இடங்களின் வரிசைக்கு ரிங் என்று பெயர். அப்புறம் இன்டரப்ட் அடித்து கெர்னலை எழுப்பும். கெர்னல் ரிங்கிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எஸ்கேபஃப் என்ற ஒரு ஸ்ட்ரக்சரை உருவாக்கும். கெர்னல் ஆட்கள் சுருக்கமாக எஸ்கேபி என்பார்கள். டேட்டா எங்கே இருக்கிறது, நீளம் எவ்வளவு, எந்த இன்டர்ஃபேஸில் வந்தது, என்ன புரோட்டோகால் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும், இதற்கு மேல் கெர்னலுக்குள் நடமாடுவது இந்த எஸ்கேபிதான். டிசிபிடம்ப் போல ஒட்டுக்கேட்கும் சாக்கெட்டுகளுக்கு இந்தக் கட்டத்திலேயே ஒரு பிரதி போய்விடும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அதன் பிறகு ஐபி அடுக்கு, நெட்ஃபில்டர் என்ற கெர்னல் ஃபயர்வாலின் விதிகள், ரூட்டிங் முடிவு, டிசிபி அல்லது யுடிபி, கடைசியில் சாக்கெட்டின் வரிசை. புரோகிராம் வந்து படிக்கும்போது அங்கிருந்து வெளியே எடுக்கப்படும்.

இந்தப் பாதையில் எந்த இடத்திலும் பாக்கெட் டிராப் ஆகலாம். டிராப் என்றால் கெர்னல் என்னதான் செய்கிறது? பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த எஸ்கேபிக்கு ஒதுக்கிய மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். குப்பைத் தொட்டி என்று தனியாக ஒன்று கிடையாது, பாக்கெட்டைத் தூக்கிப் போட்டேன் என்று யாரிடமும் சொல்லவும் மாட்டாது. சிக்கலே இங்கேதான் ஆரம்பம், ஏனென்றால் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பாக்கெட்டுக்கும் கடைசியில் இதே கதிதான்: புரோகிராம் டேட்டாவைப் படித்து முடித்ததும் எஸ்கேபியின் மெமரி திரும்பப் போகிறது. கல்யாணப் பந்தியில் வயிறாரச் சாப்பிட்டு மூடிய இலையும், தொடாமலே எழுந்துபோனவரின் இலையும் ஒரே கூடைக்குத்தான் போகும். கூடையை எண்ணி யார் சாப்பிடவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது.

2009 வரை லினக்ஸிலும் இதே நிலைதான். எஸ்கேபியை விடுவிக்க கேஃப்ரீ எஸ்கேபி என்ற ஃபங்ஷன், நல்ல சாவுக்கும் கெட்ட சாவுக்கும் அது ஒன்றே. அந்த வருடம் நீல் ஹார்மன் என்ற கெர்னல் டெவலப்பர் இதை இரண்டாகப் பிரித்தார். வேலை முடிந்து போகும் எஸ்கேபிக்கு கன்ஸ்யூம் எஸ்கேபி, டிராப்பாகிப் போவதற்கு பழைய கேஃப்ரீ எஸ்கேபி. கேஃப்ரீ எஸ்கேபிக்குள் ஒரு டிரேஸ்பாயின்ட்டும் வைத்தார். டிரேஸ்பாயின்ட் என்பது கெர்னல் கோடுக்குள் நிரந்தரமாகப் பதித்து வைத்த ஒரு கேட்குமிடம். யாரும் கேட்காதபோது செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, நாம் ஆன் செய்தால் அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதும். இதோடு டிராப் மானிட்டர் என்ற கெர்னல் மாட்யூலும், அதைப் படித்துக் காட்டும் டிராப்வாட்ச் என்ற கருவியும் சேர்ந்து வந்தன. கெர்னல் பதிப்பு 2.6.30. இன்றைக்கு நாம் டிராப் தேடப் பயன்படுத்தும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே டிரேஸ்பாயின்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

டிரேஸுக்குப் போகும் முன் கவுன்டர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான், பயந்துபோவதும் அதைப் பார்த்துத்தான். ஐபி கட்டளையில் இன்டர்ஃபேஸின் புள்ளிவிவரம் கேட்டால் டிராப்டு என்று ஒரு கட்டம் வரும். அது ஏறிக்கொண்டே இருந்தால் ஏதோ கோளாறு என்று நினைப்போம். ஆனால் 2.6.37 பதிப்பிலிருந்து, இந்த மெஷினில் கேட்க ஆளில்லாத புரோட்டோகாலில் வரும் ஃப்ரேம்களும் அதே கட்டத்தில்தான் சேர்கின்றன. பக்கத்து சுவிட்ச், நெட்வொர்க்கில் வளையம் வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ பேசினால் 2 விநாடிக்கு ஒரு ஃப்ரேம் அனுப்பும், தான் யார் என்று அக்கம்பக்கத்துக்கு அறிவிக்கும் எல்எல்டிபி பேசினால் வழக்கமாக 30 விநாடிக்கு ஒன்று. சும்மா இருக்கும் சர்வரில் டிராப் எண்ணிக்கை கடிகாரம் மாதிரி சீராக ஏறுகிறது என்றால் பெரும்பாலும் இந்த மாதிரி ஏதோ ஒன்றுதான், யாருடைய டேட்டாவும் தொலையவில்லை. எண்ணிக்கை பொய் சொல்லவில்லை, ஃப்ரேம் உண்மையிலேயே டிராப்தான். ஆனால் நீங்கள் தேடும் பாக்கெட் அதில் இருக்கிறதா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. கவுன்டர் எத்தனை என்று சொல்லும், எது என்று சொல்லாது.

எது என்று சொல்வது டிரேஸ்பாயின்ட். ஒரு உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம், ரொம்ப சகஜமாக மாட்டும் ஒன்று.

ஒரு சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு. டிஃபால்ட் ரூட் முதல் கார்டு வழியாக. எங்கோ வேறு சப்நெட்டில் இருக்கும் ஒரு கிளையன்ட்டின் பாக்கெட், நடுவில் இருக்கும் ரூட்டரின் புண்ணியத்தில் இரண்டாவது கார்டு வழியாக உள்ளே வருகிறது. டிசிபிடம்பில் இரண்டாவது கார்டைப் பார்த்தால் சின் பாக்கெட், அதாவது டிசிபி கனெக்ஷன் கேட்கும் முதல் பாக்கெட், வருகிறது, ஒரு விநாடி கழித்து மறுபடி, அப்புறம் இரண்டு விநாடி கழித்து மறுபடி. பதில் மட்டும் போகவே இல்லை. ஃபயர்வால் விதிகள் காலி. புரோகிராம் அந்தப் போர்ட்டில் ஒழுங்காக லிசன் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது, கெர்னலின் டிரேஸ் வசதிகளை ஃபைல்களாகக் காட்டும் டிரேஸ்எஃப்எஸ் அடைவுக்குள் போய் ஈவன்ட்ஸ், அதற்குள் எஸ்கேபி, அதற்குள் கேஃப்ரீ எஸ்கேபி, அங்கே இருக்கும் எனேபிள் ஃபைலில் 1 என்று எழுதுகிறோம், ரூட் உரிமை வேண்டும். பிறகு டிரேஸ் பைப் என்ற ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டால் டிராப்புகள் ஒவ்வொன்றாக வரிவரியாக விழ ஆரம்பிக்கும். ஒவ்வொரு வரியிலும் நாலு விஷயம் முக்கியம். எஸ்கேபியின் மெமரி முகவரி. புரோட்டோகால் எண், 2048 என்றால் ஐபிவி4, 34525 என்றால் ஐபிவி6, 2054 என்றால் ஏஆர்பி. லொகேஷன், அதாவது கேஃப்ரீ எஸ்கேபியைக் கூப்பிட்டது எந்த இடம். கடைசியாக ரீசன், என்ன காரணம். நம் கதையில் கிளையன்ட் ஒவ்வொரு முறை சின் அனுப்பும்போதும் ஒரு வரி வருகிறது, புரோட்டோகால் 2048, லொகேஷன் ஐபி ஆர்சிவி ஃபினிஷ் என்று தொடங்கும் ஒரு ஃபங்ஷன், ரீசன் ஐபி ஆர்பிஃபில்டர்.

முடிந்தது கதை. ஆர்பிஃபில்டர் என்பது ரிவர்ஸ் பாத் ஃபில்டர்: இந்த முகவரிக்கு நான் பதில் அனுப்பினால் எந்தக் கார்டு வழியாக அனுப்புவேன் என்று கெர்னல் தன் ரூட்டிங் டேபிளில் பார்க்கிறது, அது பாக்கெட் வந்த கார்டாக இல்லையென்றால் போலி முகவரியாக இருக்கலாம் என்று தூக்கிப் போடுகிறது. அதன் மதிப்பு 1 என்றால் கண்டிப்பு, 2 என்றால் ஏதாவது ஒரு கார்டு வழியாக வழி இருந்தாலே போதும் என்ற தளர்வு, 0 என்றால் சோதனையே இல்லை. இதில் ஒரு விஷயம் பலரைச் சுற்றலில் விடும்: இன்டர்ஃபேஸுக்கு ஒரு மதிப்பு, ஆல் என்ற பொது இடத்தில் ஒரு மதிப்பு, இரண்டில் எது பெரியதோ அதுதான் செல்லும். இன்டர்ஃபேஸில் 0 வைத்துவிட்டு, ஆல் இடத்தில் 1 இருப்பதைக் கவனிக்காமல், அணைத்தாயிற்றே ஏன் இன்னும் டிராப் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். இன்டர்ஃபேஸில் 2 வைத்தால் பெரியது 2, தளர்வு வந்துவிடும்.

டிசிபிடம்பில் ஏன் தெரிந்தது என்பதும் இப்போது புரிந்திருக்கும். அதற்குப் பிரதி போனது ஐபி அடுக்குக்கு முன்னால், பாக்கெட் செத்தது ஐபி அடுக்குக்குள். பாக்கெட் மெஷினுக்குள் நுழைந்தது என்பதற்கு டிசிபிடம்ப் சாட்சி சொல்லும், நெட்ஃபில்டரைத் தாண்டியது என்பதற்கெல்லாம் அது சாட்சி இல்லை.

அந்த ரீசன் என்ற கட்டம் இருக்கிறதே, அது சமீபத்திய வரவு. 2022 மார்ச்சில் வந்த 5.17 பதிப்பில்தான் முதலில் சேர்ந்தது, மெங்லாங் டாங் என்ற டெவலப்பரின் வேலை. அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்கே காரணங்கள்: சாக்கெட் இல்லை, பாக்கெட் ரொம்பச் சின்னது, செக்சம் தப்பு, சாக்கெட் ஃபில்டர் தடுத்தது என்று. அடுத்தடுத்த பதிப்புகளில் அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. அதற்கு முன்னால் லொகேஷன் மட்டும்தான். ஐபி ஆர்சிவி ஃபினிஷ் என்று பெயர் வரும், ஆனால் அந்த ஒரே ஃபங்ஷனுக்குள் பாக்கெட்டைப் போடப் பல காரணங்கள் உண்டு, எது என்று தெரிய, ஃபங்ஷனின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்ற ஆஃப்செட்டை எடுத்து, சோர்ஸ் கோடின் எந்த வரி என்று கணக்குப் போட்டு, அதுவும் கோட்டு டிராப் (டிராப் என்ற லேபிளுக்குத் தாவு) என்று எல்லாக் கிளைகளும் வந்து சேரும் ஒரே வரியாக இருந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். டிசிபி பக்கம் இன்னும் மோசம். எல்லாக் காரணமும் டிஸ்கார்ட் என்ற ஒரே லேபிளில் போய் முடியும்.

உங்கள் கெர்னலில் ரீசன் இருக்கிறதா என்று பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டிஸ்ட்ரோக்காரர்கள் புதிய விஷயங்களைப் பழைய கெர்னலுக்குள் கொண்டுவந்து வைப்பது சகஜம். அதே அடைவில் ஃபார்மட் என்று ஒரு ஃபைல் இருக்கும், அதில் ரீசன் என்ற புலம் இருந்தால் இருக்கிறது. அந்த ஃபைலிலேயே எந்த எண்ணுக்கு எந்தக் காரணம் என்ற பட்டியலும் இருக்கும். இதைச் சொல்லக் காரணம், காரணங்களின் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கெர்னலைக் கவனிக்கச் சின்ன ஸ்கிரிப்ட் எழுத உதவும் பிபிஎஃப்டிரேஸ் என்ற கருவியில் எண்ணை மட்டும் அச்சிடும் ஒரு ஸ்கிரிப்ட்டை எங்கிருந்தோ எடுத்து ஓட்டி, அங்கே 6 என்றால் இன்ன காரணம் என்று எழுதியிருந்ததே என்று நம்பினால் உங்கள் மெஷினில் 6 வேறு ஏதோவாக இருக்கும். பெயராக மாற்றித்தான் படிக்கவேண்டும்.

சரி, லொகேஷன், ரீசன் இரண்டும் கிடைத்தாயிற்று, இனி கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

லொகேஷன் எப்படி வருகிறது என்று பாருங்கள். கேஃப்ரீ எஸ்கேபி, தன் வேலை முடிந்ததும் எங்கே திரும்பிப் போகவேண்டும் என்ற முகவரியை எடுத்து, அதுதான் என்னைக் கூப்பிட்ட இடம் என்று டிரேஸில் எழுதுகிறது. நல்ல யோசனைதான், ஆனால் கம்பைலர் குறுக்கே புகுந்தால் எல்லாம் குழம்பிவிடும். 2022ல் இப்படி ஒன்று பிடிபட்டது: ஜிசிசி என்ற கம்பைலர், வேகத்துக்காக, அந்த ஃபங்ஷனைத் தானாகவே இரண்டு துண்டாக வெட்டிவிட்டது. டிரேஸ் எழுதும் பகுதி இரண்டாவது துண்டுக்குள் போய்விட்டது, அதைக் கூப்பிட்டது முதல் துண்டு. ஆக எல்லா டிராப்புக்கும் லொகேஷன் கேஃப்ரீ எஸ்கேபி என்றே வந்தது, கொலை செய்தவன் பெயர் கேட்டால் கொலை என்று எழுதி வைத்தது மாதிரி. இந்த ஃபங்ஷனை வெட்டாதே என்று கம்பைலருக்கு ஒரு குறிப்பு போட்டுத்தான் சரி செய்தார்கள். இதே வகையில் இன்னொன்று, ஒரு ஃபங்ஷனின் கடைசி வேலையே எஸ்கேபியை விடுவிப்பது என்றால், கம்பைலர் அதைக் கூப்பிடாமல் நேராகத் தாவச் செய்துவிடலாம். அப்போது டிரேஸில் வருவது அந்த ஃபங்ஷன் அல்ல, அதைக் கூப்பிட்ட ஃபங்ஷன். லொகேஷன் பொருத்தமில்லாமல் தெரிந்தால் ஸ்டாக்கையும், அதாவது யார் யாரைக் கூப்பிட்டார் என்ற சங்கிலியையும், சேர்த்து எடுத்துப் பாருங்கள், பெர்ஃப் என்ற கருவியிலும் பிபிஎஃப்டிரேஸிலும் முடியும். கம்பைலர் தாவச் செய்த ஃபங்ஷன் ஸ்டாக்கிலும் இருக்காது, ஆனால் மேலும் கீழும் இருப்பவர்களைப் பார்த்தால் யார் விடுபட்டிருக்கிறார் என்று ஊகித்துவிடலாம்.

அடுத்தது, டிராப் என்று வரும், ஆனால் நமக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லாத வகை. இது நிறைய உண்டு.

டிசிபிடம்ப் ஓட்டுகிறீர்கள், டிராஃபிக் அதிகம், அதன் பஃபர் நிரம்பிவிடுகிறது. அதற்குப் போகவேண்டிய பிரதி டிராப் ஆகும், கேஃப்ரீ எஸ்கேபி டிரேஸில் வரியும் வரும். உண்மையான பாக்கெட்டோ புரோகிராமுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். போதாக்குறைக்கு டிசிபிடம்ப் கார்டை ப்ராமிஸ்குவஸ் நிலைக்குக் கொண்டுபோகும், அதாவது அடுத்தவருக்கு வந்த ஃப்ரேமையும் உள்ளே வாங்கும். அவை ஐபி அடுக்கின் வாசலில் அதர்ஹோஸ்ட் என்ற காரணத்தோடு டிராப் ஆகும். டிராப்பைத் தேட டிசிபிடம்ப் ஓட்டினேன், டிராப் அதிகமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், நடக்கக்கூடியதுதான். அதே மாதிரி டிசிபி ஓல்ட் டேட்டா என்ற காரணம்: மறுமுனை ஏற்கெனவே அனுப்பி நாம் வாங்கிவிட்ட டேட்டாவை மறுபடி அனுப்பியிருக்கிறது, கெர்னல் இரண்டாவது பிரதியைப் போட்டுவிடுகிறது. டிராப் சரி. கேள்வி கேட்கவேண்டியது வாங்கிவிட்டேன் என்று சொல்லும் நம் அக் மறுமுனைக்கு ஏன் நேரத்தில் போகவில்லை என்று. இன்னொன்று, ஒரே மல்டிகாஸ்ட் பாக்கெட் பல சாக்கெட்டுகளுக்குப் பிரதியாகப் போகும்போது ஒன்றில் மட்டும் இடமில்லை என்றால் அந்தப் பிரதி மட்டும் சாகும். டிரேஸில் வரும் வரிகளை எண்ணி இத்தனை பாக்கெட் தொலைந்தது என்று ரிப்போர்ட் எழுதுவது அதனால்தான் ஆபத்து.

இதற்கு நேர் எதிர் வகை இன்னும் ஆபத்து: பாக்கெட் தொலைந்தே போயிருக்கும், டிரேஸில் ஒரு வரிகூட வராது.

ரிங் நிரம்பி வழிந்தால் கார்டே பாக்கெட்டைக் கீழே விட்டுவிடும். எஸ்கேபி பிறக்கவே இல்லை, பிறகு எதை விடுவிக்க? இதற்கு ஈத்டூல் என்ற கட்டளையில் கார்டின் சொந்தக் கவுன்டர்களைத்தான் பார்க்கவேண்டும், மிஸ்டு, நோ பஃபர் என்ற மாதிரிப் பெயர்களில் இருக்கும், டிரைவருக்கு டிரைவர் பெயர் மாறும். எக்ஸ்டிபி புரோகிராம் (டிரைவர் கட்டத்திலேயே பாக்கெட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் சின்ன நிரல்) ஒன்று கார்டில் மாட்டியிருந்து அது டிராப் சொன்னாலும் இதே கதை, அதுவும் எஸ்கேபி உருவாகும் முன்னாலேயே நடந்துவிடுகிறது, டிசிபிடம்பில்கூடத் தெரியாது.

அப்புறம் டிரைவர்கள். டிரைவர் எழுதுபவர்களுக்கு எஸ்கேபியை விடுவிக்க டெவ் கேஃப்ரீ எஸ்கேபி என்று ஒரு பெயர் உண்டு. பெயரைப் பார்த்தால் டிராப் வகை மாதிரி இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் அது கன்ஸ்யூம் எஸ்கேபியின் மறுபெயர். டிரைவர் அதைக் கூப்பிட்டுப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டால், சாப்பிட்டாயிற்று என்றே பதிவாகும். எனி என்ற ஒட்டோடு வரும் இன்னொரு வடிவத்திலும் டிராப்புகள் இப்படியே மறைந்துகொண்டிருந்தன, அதை 2023ல் சரி செய்தார்கள். பழைய கெர்னல் என்றால் இந்த ஓட்டை இன்னும் இருக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பிடித்தது என்று சொல்லலாமோ என்னவோ, லிசன் செய்யும் சாக்கெட்டின் கதை. புதுக் கனெக்ஷன்கள் வந்து வரிசையில் நிற்கும், புரோகிராம் அக்செப்ட் என்று கூப்பிட்டு ஒவ்வொன்றாக எடுக்கும். புரோகிராம் மெதுவாக இருந்தால் வரிசை நிரம்பிவிடும், புதிதாக வரும் சின்னை கெர்னல் போட்டுவிடும். இந்த வரிசையின் மேல் வரம்பு ரொம்ப நாளாக 128 ஆக இருந்து 5.4 பதிப்பில் 4096 ஆனது, ஆனால் புரோகிராம் லிசன் கூப்பிடும்போது அதைவிடச் சின்ன எண் கொடுத்தால் சின்ன எண்தான். சரி, வரிசை நிரம்பி சின் டிராப் ஆகும்போது டிரேஸில் வருமா? பல பதிப்புகளாகக் கோடு எப்படி இருந்தது என்றால், சின்னைப் பரிசீலிக்கும் ஃபங்ஷன், இடமில்லை என்று கவுன்டரை ஏற்றிவிட்டு, கூப்பிட்டவரிடம் பூஜ்யம் என்று திருப்பிச் சொல்லும். பூஜ்யம் என்றால் கெர்னல் வழக்கப்படி பிரச்சினை இல்லை என்று அர்த்தம். கூப்பிட்டவரும் சரி, வேலை முடிந்தது என்று கன்ஸ்யூம் எஸ்கேபியைக் கூப்பிட்டு முடித்துவிடும். வெளியே கிளையன்ட் கனெக்ட் ஆகாமல் தவிக்கும், உள்ளே டிராப் டிரேஸ் சுத்தமாக இருக்கும். கெர்னலின் நெட்வொர்க் கவுன்டர்களைக் காட்டும் என்ஸ்டாட் கட்டளையில் லிசன் ஓவர்ஃப்ளோஸ், லிசன் டிராப்ஸ் என்ற இரண்டு கவுன்டர்கள் ஏறுவது மட்டும்தான் தடயம்.

ஆகவே கவுன்டரையும் டிரேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வேலை செய்யவேண்டும் என்பது என் கருத்து. டிரேஸ் வந்துவிட்டதே, கவுன்டர் எதற்கு என்பவர்கள் மேலே சொன்ன மாதிரி இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். என்ஸ்டாட்டை ஒரு முறை ஓட்டி, பிரச்சினையை வரவழைத்து, மறுபடி ஓட்டினால் நடுவில் மாறியவை மட்டும் வரும். இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. ப்ராக் அடைவின் நெட் பகுதியில் சாஃப்ட்நெட் ஸ்டாட் என்று ஒரு ஃபைல் இருக்கிறது, சிபியுவுக்கு ஒரு வரி, எல்லாம் ஹெக்ஸ் எண்ணில், தலைப்பே இல்லாமல் இருப்பதால் யாரும் திறப்பதில்லை. முதல் கட்டம் கையாண்ட பாக்கெட்டுகள், இரண்டாவது கட்டம் சிபியுவின் பேக்லாக் வரிசை நிரம்பிப் போட்டவை. பேக்லாக் வரம்பு வழக்கமாக 1000. இரண்டாவது கட்டம் ஒரே ஒரு சிபியுவில் மட்டும் ஏறுகிறது என்றால் எல்லாச் சுமையும் ஒரே தலையில் விழுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

யுடிபிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே மாட்டும் காரணம் பெரும்பாலும் சாக்கெட் ஆர்சிவிபஃப், அதாவது சாக்கெட்டின் வாங்கும் பஃபர் நிரம்பிவிட்டது. பஃபரின் டிஃபால்ட் அளவு நீண்ட காலமாக 212992 பைட். பாக்கெட் 100 பைட்தானே, ரெண்டாயிரம் பாக்கெட் தாங்குமே என்று கணக்குப் போடாதீர்கள், கெர்னல் கணக்கில் எடுப்பது பாக்கெட்டின் நீளத்தை அல்ல, அதற்காகப் பிடித்து வைத்திருக்கும் மொத்த மெமரியை, எஸ்கேபி ஸ்ட்ரக்சரையும் சேர்த்து. சின்னப் பாக்கெட்டுக்கும் பல நூறு பைட் பற்று எழுதப்படும், ஆகவே சில நூறு பாக்கெட்டிலேயே நிரம்பிவிடும். புரோகிராம் ஒரு கணம் வேறு வேலையில் இருந்தாலே போதும். பெரிய பஃபர் கேட்டுப் புரோகிராம் எழுதியிருந்தாலும் ஆர்மெம் மேக்ஸ் என்ற வரம்புக்கு மேல் கெர்னல் கொடுக்காது, மறுக்கிறேன் என்றும் சொல்லாது, சத்தமில்லாமல் குறைத்துவிடும்.

ரீசன் நெட்ஃபில்டர் டிராப் என்று வந்தால் அதோடு நிற்காது, எந்த விதி என்று தெரியவேண்டும், அது எஸ்கேபி டிரேஸில் வராது. நெட்ஃபில்டர் விதிகளை எழுதும் என்எஃப்டி கட்டளையில் குறிப்பிட்ட பாக்கெட்டுகளுக்கு மட்டும் டிரேஸ் குறி போட்டு மானிட்டர் ஓட்டினால், எந்தச் செயின், எந்த விதி, என்ன தீர்ப்பு என்று வரிசையாக வரும். அதே வேலைக்கான பழைய கருவியான ஐபிடேபிள்ஸில் டிரேஸ் என்ற டார்கெட் உண்டு.

லொகேஷனும் ரீசனும் போதவில்லை, இந்தப் பாக்கெட் சாகும் முன் எங்கெல்லாம் போனது என்று முழுப் பயணமும் வேண்டும் என்றால் சிலியம் என்ற கன்டெய்னர் நெட்வொர்க் திட்டத்தின் ஆட்கள் எழுதிய பிடபிள்யூஆர்யு என்ற கருவி இருக்கிறது. எஸ்கேபியை வாங்கும் கெர்னல் ஃபங்ஷன்கள் அத்தனையிலும் ஒரு பிபிஎஃப் (கெர்னலுக்குள் ஓடும் சின்ன நிரல்) கொக்கியை மாட்டி, நாம் சொல்லும் பாக்கெட் கடந்துபோகும் வழி முழுவதையும் எழுதும். கன்டெய்னர், வீஈத் (கன்டெய்னரை வெளியோடு இணைக்கும் மெய்நிகர் கார்டு ஜோடி), பிரிட்ஜ் என்று பல கைமாறும் இடங்களில் இது கைகொடுக்கும். ரெட் ஹாட் பக்கமிருந்து ரெட்டிஸ் என்ற கருவியும் (ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் வேறு) இதே வேலையைச் செய்கிறது; டிராப்பையும் அந்தப் பாக்கெட்டின் ஹெடரையும் சேர்த்தே காட்டும்.

எந்தக் கருவியானாலும் ஃபில்டர் இல்லாமல் ஓட்டவேண்டாம். டிராப் குறைவான மெஷினில் கேஃப்ரீ எஸ்கேபி டிரேஸ் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் யாரோ சின் பாக்கெட்டுகளை வெள்ளமாகக் கொட்டி சின் ஃப்ளட் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒவ்வொரு டிராப்புக்கும் ஸ்டாக் எடுத்து எழுதச் சொன்னால் சிபியு அதற்கே போய்விடும். பிடபிள்யூஆர்யு இன்னும் கனமானது. டிசிபிடம்புக்கு எழுதும் அதே வடிவில் ஃபில்டர் கொடுக்கலாம், நாமே ஒரு மெஷினிலிருந்து அடையாளம் தெரிகிற மாதிரி வழக்கத்துக்கு மாறான ஒரு சோர்ஸ் போர்ட்டில் பாக்கெட் அனுப்பி, அந்தப் போர்ட்டை மட்டும் ஃபில்டரில் போட்டால் பிஸியான சர்வரிலும் திரையில் நாலைந்து வரிதான் வரும். டிரேஸ்பாயின்ட்டை நேராக ஆன் செய்பவர்கள் ரீசனை வைத்து வடிகட்டலாம்.

பல கன்டெய்னர் ஓடும் மெஷினில் இன்னும் ஒரு சங்கடம் பாக்கி: டிராப் தெரிகிறது, காரணம் தெரிகிறது, யாருடைய பாக்கெட் என்று தெரியவில்லை. உள்ளே வரும் எஸ்கேபியில், அது எந்தச் சாக்கெட்டுக்குப் போகிறது என்ற விவரம் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது, மேல் அடுக்குக்குப் போய்விட்டால் வந்த இன்டர்ஃபேஸின் விவரமும் காலியாகியிருக்கலாம். 2024ல் வந்த 6.11 பதிப்பில் கேஃப்ரீ எஸ்கேபி டிரேஸ்பாயின்ட்டோடு ஆர்எக்ஸ் எஸ்கே என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள், வாங்கவேண்டிய சாக்கெட் எது என்று கெர்னலுக்குத் தெரிந்திருந்தால் அது அங்கே வரும். அதிலிருந்து, கன்டெய்னருக்கென்று தனியாகப் பிரித்து வைத்த நெட்வொர்க் நேம்ஸ்பேஸ், அதிலிருந்து எந்தக் கன்டெய்னர் என்று பிடித்துவிடலாம். சாக்கெட்டைத் தேடும் கட்டத்துக்கு முன்பே செத்த பாக்கெட்டுக்கு அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும், அதற்கு ஹெடரில் இருக்கும் முகவரியைத்தான் பார்க்கவேண்டும்.